கட்டாத புடவைக்கு நான் எழுதிய கடிதம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாசி மாதம், காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டுப் புடவைக் கடையில் நடந்தது இது. தைக் கல்யாணக் கூட்டம் ஓய்ந்துபோய், விற்பனைக்கு நிற்பவர்கள் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் கடையில் பில் போடத்தான் சேர்ந்தேன். பி.ஏ. தமிழ் படித்திருந்தேன் என்பது யாருக்கும் அங்கே தேவைப்படவில்லை. ஒரு வருடம் ஆடித் தள்ளுபடிக்காக முதலாளி பழைய வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினார். 'பெருமதிப்பிற்குரிய வாடிக்கையாளப் பெருமக்களே' என்று ஆரம்பித்து, 'வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்' என்று முடியும். அதை எடுத்துக்கொண்டு ஒருவர்கூட வரவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், இத படிச்சா கட்சி மாநாட்டுக்குக் கூப்பிடற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ நீயே எழுதும்மா" என்றார்.

எழுதினேன். 'நீங்கள் போன தீபாவளிக்கு எங்களிடம் எடுத்த ராமர் பச்சைப் புடவைக்கு உங்கள் தெருவில் யார் யார் விலை கேட்டார்கள்?' என்று ஆரம்பித்தேன். அந்த மாதம் பதினேழு பேர் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். ஒரு அம்மா, "மூணு பேர் கேட்டாங்க" என்று பதிலே சொன்னார். அன்றிலிருந்து பில் போடுவது இரண்டாம் வேலையாகிவிட்டது. கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் பெயர், முகவரி, என்ன விசேஷத்துக்குப் புடவை என்று ஒரு நோட்டில் எழுதி வாங்குவோம். அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கடிதம் எழுதுவேன்.

இந்த வேலையில் சில நுணுக்கங்கள் பிடிபட்டன. முதல் வரியில் படிப்பவரின் பெயர் இருக்க வேண்டும். இரண்டாவது வரியில் அவர் வீட்டு விஷயம் ஏதாவது இருக்க வேண்டும். புடவையைப் பற்றிப் பேசுவதைவிட, அதைக் கட்டிக்கொண்டு அவர் நிற்கப்போகும் இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். கடைசியில், கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி போட்டால் அதைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள். அந்த வரியில் 'சில புடவைகளே உள்ளன' என்று எழுதுவேன். உண்மையில் அலமாரி நிறைய இருக்கும். அது பொய் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு தள்ளலில் போய்விடும், தபாலில் வந்தால் வீட்டில் நாலு பேர் கைமாறும் என்று முதலாளியிடம் வாதாடி, தபாலையே தொடரச் செய்ததும் நான்தான். கொஞ்சம் கர்வம்கூட வந்திருந்தது.

அந்த மாசியில் எனக்கு ஒரு புது யோசனை வந்தது. முந்தின வைகாசியில் முகூர்த்தப் புடவை எடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். கல்யாணமாகி ஒன்பது மாதம். பாதி வீடுகளிலாவது பெண் முழுகாமல் இருப்பாள். வளைகாப்புப் புடவைக்கு ஒரு கடிதம் போட்டால் என்ன? மணப்பெண்கள் பெயருக்கே எழுதினேன்.

'அன்புள்ள' என்று அந்தப் பெண்ணின் பெயர் போட்டு, 'முகூர்த்தத்தன்று நீங்கள் நம் கடைப் புடவையில் மணவறைக்கு நடந்து வந்ததை உங்கள் தெரு இன்னும் மறந்திருக்காது. இந்நேரம் உங்கள் வீட்டில் இன்னொரு நல்ல சேதி வந்திருக்கும், அல்லது வந்துகொண்டே இருக்கும்...' என்று போகும் அது. இரண்டு கை நிறைய வளையல், மடி நிறைய பழம், பச்சைப் பட்டு என்று ஒரு பக்கம் எழுதி, கடிதத்தின் மூலையில் ஒரு சின்னப் பச்சைப் பட்டு நூலையும் முடிந்து அனுப்பினேன். முதலாளி படித்துவிட்டு, "இத படிச்சா எம் பொண்ணுக்கே இன்னொரு வளைகாப்பு பண்ணணும் போல இருக்குது" என்றார். அறுபத்திரண்டு கடிதங்கள் போயின.

பத்து நாள் கழித்துத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். தனியாக வந்தாள். கையில் ஒரு துணிப்பை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் புடவைகள் பக்கம் திரும்பவே இல்லை. நேராக பில் மேசைக்கு வந்து பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து வைத்தாள். மூலையில் பச்சை நூல் அப்படியே இருந்தது.

"இத எழுதினது யாருக்கா?"

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "நான்தாம்மா. உக்காரு. எத்தனாவது மாசம்?" என்று வேறு கேட்டுவைத்தேன்.

அவள் உட்கார்ந்தாள்.

"கல்யாணம் நடக்கலக்கா" என்றாள். "மூணு நாள் இருக்கறப்போ நின்னுபோச்சு."

அவளே நிதானமாகச் சொன்னாள். வாலாஜாபாத்தில் வீடு. அங்கேயே ஒரு அரிசி மில் ஆபீஸில் வேலை. மாப்பிள்ளைக்கு வேறு ஒரு பெண்மேல் விருப்பம். நிச்சயத்துக்கு முன்பிருந்தே இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, பந்தக்கால் நட்ட பிறகு போன் செய்து சொன்னானாம்.

"மூணு நாளைக்கு முன்னாடியாச்சும் சொன்னாரேன்னு நெனச்சிக்கினேன்" என்றாள். அவள் குரலில் அழுகை எதுவும் இல்லை. அந்த இடத்தையெல்லாம் அவள் தாண்டி வந்திருந்தாள் என்று தெரிந்தது.

"லெட்டர் வந்தப்போ நான் மில்லுல இருந்தேன். எங்கப்பா வாங்கினாரு. எம்பேர் போட்டிருந்துச்சா, ஏதோ வேலைக்கு வந்த ஆர்டர்னு நெனச்சிக்கினு, அம்மாவக் கூப்பிட்டு சத்தமா படிச்சிக்கினே வந்திருக்காரு. நடுவுல நிறுத்திட்டாராம். அம்மா, மேல படிங்கன்னு சொல்லிச்சாம். அவரு மடிச்சி சட்டப் பையில வெச்சிக்கினாரு. நான் தொவைக்கப் போடறப்போதான் எடுத்தேன்."

அந்த அப்பாவின் முகம் எனக்கு நினைவில் இல்லை. ஆனால் எந்த வரியில் அவர் நிறுத்தியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்த வரியை எழுதியபோது எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். "நோட்டுல இருந்த பேர வெச்சி எழுதிட்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கணும்."

"திட்ட வரலக்கா" என்றாள். "கேளுங்க. கல்யாணமே ஆகாத எனக்கே இதப் படிச்சப்போ ஒரு நிமிஷம் வளைகாப்புப் புடவை எடுக்கணும் போல ஆயிடுச்சி. அவ்ளோ நல்லா எழுதறீங்க. அதே கையால எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. அந்த முகூர்த்தப் புடவைய விக்கணும்."

புடவை அவர்கள் வீட்டு பீரோவில் இருந்தது. கல்யாணம் நின்ற அன்று அவள் அம்மா அதை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை எங்கேயோ ஒளித்துவிட்டார். வீட்டில் இருப்பதே ஒரு பீரோ. எல்லோருடைய நல்ல துணியும் அதில்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டில் யாரும் நல்ல துணி உடுத்தவில்லை. "அந்தப் புடவை வெளிய போனாத்தான் எங்கம்மா பீரோவத் தொறக்கும். சும்மா யாருக்காச்சும் குடுக்கலாம்னாலும் அம்மாவுக்கு மனசு வரல. நல்லபடியா யாராச்சும் கட்டணும்னு இருக்குது" என்றாள்.

முதலாளியிடம் அழைத்துப் போனேன். அவர் நல்ல மனிதர். நடந்ததைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். கடைசியில், "புடவையக் கொண்டு வாம்மா, வேற என்ன வேணுமோ எடுத்துக்கோ" என்றார்.

"எனக்கு வேற புடவை வேணாம் சார்" என்றாள் அவள், மரியாதையாகத்தான். "அத நீங்க எடுத்து அலமாரியில வெச்சிட்டா, வாங்கறவங்ககிட்ட இது இன்ன புடவைன்னு சொல்லுவீங்களா?"

அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். செய்த தப்புக்குப் பரிகாரமாக, எனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் இறக்கினேன். 'ஒருமுறைகூடக் கட்டாத, பெட்டி மணம் மாறாத முகூர்த்தப் பட்டு. உரிமையாளர் திடீரென்று வெளிநாடு செல்வதால் விற்பனைக்கு. முதலில் அழைப்பவருக்கே' என்று போனது அது. மறுநாள் அவளுக்கு அனுப்பினேன். மதியம் போன் வந்தது.

"வெளிநாட்டுக்கு யாருக்கா போறா?"

"அது சும்மாம்மா. கல்யாணம் நின்ன புடவைன்னு தெரிஞ்சா யாரு வாங்குவாங்க? ராசி அது இதுன்னு பேசுவாங்க. நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் மில் ஓடும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அக்கா, வாங்கினவங்களுக்குப் பின்னாடி தெரிய வந்தா? கல்யாணம் முடிஞ்சி, வீட்ல எதனா ஒண்ணுன்னா அன்னிக்கு எல்லாம் அந்தப் புடவையாலதான்னு நெனப்பாங்க இல்ல? எங்கிட்ட ஒருத்தர் மறைச்சது போதும். நான் இன்னொருத்தர்கிட்ட மறைக்க மாட்டேன். உள்ளத எழுதுங்க. அதப் படிச்சிட்டு வர்றவங்க வரட்டும்."

உள்ளதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாலு நாள் முயன்றேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் கடிதம் ஒப்பாரியாகிவிடுகிறது. படிப்பவர் பரிதாபப்பட்டு வாங்கினால் அதுவும் ஒரு மாதிரி ஏமாற்றுதானே. அழகாக எழுதலாம் என்று போனால் கை தானாகவே பழைய வித்தைக்குப் போகிறது. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் வாங்கவைக்கும் வார்த்தைகளாகவே எழுதியதில், ஒரு பொருளைப் பற்றிச் சும்மா சொல்லவே எனக்கு வராமல் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு போன் செய்தேன். "எனக்கு வரலம்மா. நீ அந்தப் புடவைய எடுத்த அன்னிக்கு என்ன நடந்துச்சின்னு சொல்லு" என்றேன். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பிறகு ஒழுங்குபடுத்தியபோது கடிதம் இப்படி வந்தது:

'வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு முகூர்த்தப் பட்டுப் புடவை இருக்கிறது. அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை. போன வைகாசியில் காஞ்சிபுரத்தில் எடுத்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கல்யாணம் நின்றுவிட்டது. அதனால் இதை யாரும் கட்டவில்லை. ரவிக்கைத் துணியை என் அளவுக்குத் தைத்தாகிவிட்டது, உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். சாமிக்கு வைத்து எடுத்தபோது முந்தானை ஓரத்தில் அம்மாவின் விரலிலிருந்த மஞ்சள் சிறு பொட்டாகப் பட்டிருக்கிறது. அது போகாது என்று நினைக்கிறேன்.

'இதைத் தேடிப் பிடிக்க எங்களுக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது. அப்பா கடை நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். நான் சொன்ன நிறம் அம்மாவுக்கு ஆகவில்லை, அம்மா சொன்னது எனக்கு ஆகவில்லை. கடைசியில் இதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "இதுதான்" என்றோம்.

'கல்யாணம் நின்றதில் புடவையின் தப்பு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். உங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால் வாங்க வேண்டாம், வருத்தமில்லை. வேண்டுமென்று நினைப்பவர்கள் வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் காபி உண்டு.'

கீழே எந்த வரியும் சேர்க்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. படித்துப் பார்த்துவிட்டு, இது ஒரு நாளும் விற்காது என்றுதான் நான் நினைத்தேன். காபி வரி அவள் சொன்னது.

இதைக் கடைப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அனுப்பலாமா என்று முதலாளியைக் கேட்டேன். "வேணாம்மா. முகூர்த்தப் புடவை எடுக்கலாம்னு இருக்கறவங்க படிச்சா சங்கடப்படுவாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதிகம் கட்டாத பட்டுப் புடவைகளை வாங்கவும் விற்கவும். கடிதத்தைப் புடவைப் படத்தோடு அதில் போட்டேன். படம், பீரோவைப் பூட்டும் முன்பு அவள் தங்கை போனில் எடுத்தது. என் நம்பரையே கொடுத்தேன்.

முதல் வாரம் வந்த பதில்களை அவளுக்கு நான் காட்டவில்லை. ஒருவர், இதையெல்லாமா குழுவில் போடுவது என்று கேட்டிருந்தார். இன்னொருவர், ராசியில்லாத புடவை, கால் விலைக்குத் தருவீர்களா என்றார். வேறொருவர் விலையே கேட்கவில்லை, மாப்பிள்ளை என்ன ஆட்கள் என்று கேட்டிருந்தார். "எதனா வந்துச்சாக்கா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "வரும்மா, இரு" என்பேன்.

அந்த நாட்களில் நான் இன்னொரு காரியமும் செய்தேன். கடிதம் போன மற்ற வீடுகள் ஒவ்வொன்றுக்கும் போன் செய்தேன். கடிதம் வந்ததா, உங்களுக்கு ஏதும் சங்கடமாகப் போயிற்றா என்று கேட்டேன். பெரும்பாலான வீடுகளில் சந்தோஷமாகவே பேசினார்கள். வளைகாப்புத் தேதியே சொன்னார்கள். ஒரு வீட்டில் அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் கரு கலைந்திருந்தது. அவளுடைய அத்தை பேசினார். "அந்தக் கடிதாசி அவ கண்ணுல படாம எடுத்துட்டேன். இனிமே இப்படிப் போடாதம்மா" என்றார், அவ்வளவுதான். இன்னொரு வீட்டில் ஒரு ஆண் குரல் என்னை நன்றாகத் திட்டியது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.

பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் மதியம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அரக்கோணம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். அவருக்கு யாரோ அனுப்பி, அவர்களுக்கு யாரோ அனுப்பி, எங்கள் கடிதம் எட்டு கை மாறிப் போயிருந்தது.

"புடவை இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"எனக்குத்தாங்க. நாப்பத்தி நாலு வயசு. சித்திரையில கல்யாணம். வீட்ல ஒவ்வொருத்தரா எல்லாரையும் கரை சேர்த்துட்டு இப்பத்தான் எனக்கு நேரம் வந்துது. மூணு கடைக்குப் போனேன். முகூர்த்தப் புடவை காட்டுங்கன்னா, 'பொண்ணுக்கா மேடம்?'னு கேக்கறாங்க. எனக்குத்தான்னு சொன்னா முகத்த மாத்திக்கினு வயசுக்கேத்த கலர் காட்டறாங்க. உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். யாரும் எங்கிட்ட எதையும் தள்ளிவிடப் பாக்கல. வந்து பாக்கலாங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் வாலாஜாபாத் போனேன். டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மா. வழியெல்லாம் பேசவில்லை. எனக்குத்தான் பதற்றம். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம்.

வீட்டில் அப்பா எங்களை வரவேற்று நாற்காலி போட்டார். நான்தான் அந்தக் கடிதம் எழுதியவள் என்று அவருக்குத் தெரியும். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "அதெல்லாம் எதுக்கும்மா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரே காபி கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

அம்மா கதவோரம் நின்றுகொண்டு டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் புடவைப் பேச்சை எடுக்கவில்லை. வெயில், பஸ், பள்ளிக்கூடப் பரீட்சை என்று ஏதேதோ பேசினோம். கடைசியில் அம்மாதான் கேட்டார்.

"உங்களுக்குக் கூட யாரு நிக்கறாங்க, கல்யாணத்துக்கு?"

"தம்பி வரேன்னு சொல்லிக்கினு இருக்கான்" என்றார் டீச்சர். "அவன் வீட்ல ஒத்துக்கணும்."

"அம்மா?"

"இல்லீங்க. போய் ஆறு வருஷம் ஆவுது."

அம்மா சமையலறைக்குப் போனார். பருப்பு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. சாவியோடு வந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒன்பது பத்து மாதமாகத் தேடிய சாவி துவரம்பருப்புக்குள் இருந்திருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பீரோவிலிருந்து புடவையை அம்மாவே எடுத்துவந்தார். கட்டிலில் வைத்துப் பிரித்தார். முந்தானையில் இருந்த மஞ்சள் பொட்டை விரலால் காட்டி, "இது நான் வெச்சது. போவாது" என்றார். டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்து, "இருக்கட்டுங்க" என்றார். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னக் கண்ணாடி முன்னால் நின்றார். அவருக்கு அது அழகாக இருந்தது. ஆனால் கரையைத் தப்பாகப் பிடித்திருந்தார். அம்மா கிட்டே போய், தோளில் மடிப்பை எடுத்துவிட்டு, நாலு விரலால் அழுத்திவிட்டார்.

"கரை இப்படி வரணும்மா. அப்பத்தான் எடுப்பா தெரியும்" என்றார். அதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர், அடுத்த வார்த்தையில் மாறினார். "கட்டிவிட யாராச்சும் இருக்காங்களா உனக்கு?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இல்ல" என்றார்.

"நான் வரேன்" என்றார் அம்மா.

விலை பேசவே தேவைப்படவில்லை. டீச்சர் கொடுத்த பணத்தை அப்பா எண்ணிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். வெற்றிலை பாக்கு, பூவோடு புடவையைத் தாம்பாளத்தில் வைத்து அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கொடுத்தார்கள். பெண்ணுக்குக் கொடுப்பது போலத்தான் இருந்தது. நாங்கள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர்கள் வீட்டு வாசல் கொடியில் வரிசையாகத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பத்து மாதம் பீரோவில் கிடந்ததையெல்லாம் அந்தப் பெண் அந்த மதியமே நனைத்துப் போட்டுவிட்டாள்.

சித்திரையில் சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். ஐம்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை பார்ப்பவர், மனைவியை இழந்தவர். சங்கடப்பட்டுக்கொண்டு ஒரு புது வேட்டியை அடிக்கடி இடுப்பில் இறுக்கிக்கொண்டே இருந்தார். டீச்சரின் தம்பி, தன் வீட்டுக்காரியோடு கடைசி நிமிஷத்தில் வந்துசேர்ந்தார். புடவை கட்டிவிட்டது, சொன்னபடியே, வாலாஜாபாத் அம்மா. மணப்பெண் அறையிலிருந்து வெளியே வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், "டீச்சர், சூப்பரா இருக்கீங்க" என்று கத்தினார்கள். அவர் அவர்களைப் பார்த்து வகுப்பில் முறைப்பது போல முறைத்தார். ஆனால் அந்த முறைப்பு நிலைக்கவில்லை, சிரித்துவிட்டார்.

நான் அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாலி கட்டும் நேரம் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தேன். அவள் புடவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கஷ்டமா இருக்குதாம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"கொஞ்சமா" என்றாள். சற்றுப் பொறுத்து, "எனக்கு இந்த அரக்கு இவ்ளோ எடுத்திருக்காதுக்கா. அவங்க கலருக்குத்தான் எடுக்குது" என்றாள். பிறகு பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவளுக்குப் போன வருடம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அதே மில்லில் வேலை செய்பவர். அவளே பார்த்து, அவளே பேசி முடித்துக்கொண்டது. புடவை எங்கள் கடையில்தான் எடுத்தாள். அம்மாவும் அவளும் இந்த முறையும் ஒத்துப்போகவில்லை, அம்மாதான் விட்டுக்கொடுத்தார். கல்யாணத்துக்கு டீச்சர் கணவரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் இன்னும் அதே கடையில்தான் கடிதம் எழுதுகிறேன். நன்றாகவே விற்கிறது. இப்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, கடிதம் போடலாமா என்று கேட்ட பிறகே உறையில் பெயர் எழுதுகிறேன். முதலாளி முதலில் முணுமுணுத்தார், இப்போது அவரே கேட்கிறார், "போன் போட்டுட்டியாம்மா?" என்று. சில புடவைகளே உள்ளன என்று எழுதினால் உண்மையில் சில புடவைகளே இருக்கும். நெசவில் சின்னக் குறை இருந்தால் அதையும் எழுதிவிடுகிறேன். ஆச்சரியம், அந்தப் புடவைகள்தான் முதலில் போகின்றன.

எத்தனையோ பேரை வாங்கவைத்திருக்கிறேன் என்று ஒரு காலத்தில் பெருமைப்பட்டேன். இன்று ஒவ்வொரு கடிதத்தையும் மடிக்கும்போது, இதைப் படிப்பவர் வாங்காமலே போனாலும் மனசு நோகாமல் போகவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள், என் கடிதத்தால் நொந்துபோய் வந்தும் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லாமல் என் எதிரே உட்கார்ந்த அந்தப் பெண்தான்.